'இந்த மாசப் பணம் வந்துச்சா பாரேன்!' - மாற்றுத்திறனாளி உதவித்தொகை: வாங்குவது எப்படி, நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மாசம் பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். "ஏம்ப்பா, அந்தப் பணம் ஏறிடுச்சானு உன் போன்ல பாரேன்" என்று பெரியப்பா கேட்பார். பார்த்தால் ஏறியிருக்காது. "அடுத்த மாசம் சேர்த்து வரும் பெரியப்பா" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அடுத்த மாதமும் வராது. அவருடைய மாத்திரைச் செலவு, போன் ரீசார்ஜ், டீக்கடைக் கணக்கு எல்லாமே அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது. 'யார்கிட்டயும் கை நீட்டாம இருக்கேன்' என்கிற அவரது கௌரவமும்கூட.

பல வீடுகளில் மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகை நிற்பதற்குக் காரணம் ஏதோ ஒரு சின்னக் காகிதம். கொடுக்க மறந்த ஒரு சான்று, மாற்றிவிட்ட ஒரு மொபைல் எண், தேதி முடிந்துபோன ஓர் அட்டை. இதையெல்லாம் கவனிக்கக்கூடிய ஆள், வீட்டில் ஸ்மார்ட்போனைக் கையில் வைத்திருக்கும் நீங்கதான். அது உங்களுக்கான உதவித்தொகையாகவும் இருக்கலாம். முதல் விண்ணப்பத்தில் தொடங்கி, தமிழ்நாட்டில் இதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

'கை, கால் வராதவங்க, கண்ணு தெரியாதவங்க, காது கேட்காதவங்களுக்குத்தானே இதெல்லாம்?' என்று நினைத்தால், அது பழைய கணக்கு. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள்தான் இருந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் இவை 21 வகைகளாயின. 2017 ஏப்ரல் 19 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு நோய், மனநோய், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் நோய், அமில வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு, குள்ளத்தன்மை... இவை எல்லாமே பட்டியலில் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாத பாதிப்பு என்பதாலேயே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று முதலில் யோசியுங்கள்.

இந்தச் சட்டத்தில் முக்கியமான எண் 40. பாதிப்பு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகளும் இடஒதுக்கீடும் கிடைக்கும்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி: யுடிஐடி அட்டை

யுடிஐடி என்பது இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டை. தமிழ்நாட்டில் பலரிடம் நீண்ட காலமாக மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டைப் புத்தகம் இருக்கும். 'அதான் புக் இருக்கே' என்று நின்றுவிடாதீங்க. அரசுத் திட்டங்கள் ஒவ்வொன்றாக யுடிஐடி எண்ணைக் கேட்கத் தொடங்கிவிட்டன. புத்தகம் இருப்பவர்களும் இந்த அட்டையை வாங்கிவிடுவது நல்லது.

அட்டையின் நிறத்தைப் பார்த்தே பாதிப்பின் அளவு தெரிந்துவிடும். 40 சதவிகிதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

*விண்ணப்பிக்கும் முறை:*

1. போனில் 'ஸ்வாவலம்பன் கார்டு' என்ற மத்திய அரசு இணையதளத்தைத் திறங்க. முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' என்று இருக்கிறதா என்று பாருங்க.

2. விண்ணப்பிப்பவரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, பாதிப்பின் வகை ஆகியவற்றை நிரப்புங்க. புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று தேவைப்படும். ஏற்கெனவே மருத்துவச் சான்று இருந்தால் அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்க.

3. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கணும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் இருப்பதையோ, சிகிச்சை எடுத்துவரும் அரசு மருத்துவமனையையோ தேர்ந்தெடுக்கலாம்.

4. ஓடிபி வரும் மொபைல் எண் உங்கள் வீட்டில் நிரந்தரமாக இருக்கப்போகிற எண்ணாக இருக்கட்டும். கடைக்காரரின் எண், பக்கத்து வீட்டு அண்ணனின் எண் எல்லாம் வேண்டாம்.

5. விண்ணப்பித்ததும் கிடைக்கும் பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு, தாளிலும் எழுதிவையுங்க. பின்னால் நிலவரம் பார்க்க, அட்டையை டவுன்லோடு செய்ய அந்த எண்தான் வேண்டும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இணையத்தில் செய்யச் சிரமமாக இருந்தால், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் செயல்படும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். சான்று தருவதற்காக அரசு நடத்தும் சிறப்பு முகாம்களிலும் வேலை முடியும்.

2024-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, விண்ணப்பம் கிடைத்த 3 மாதங்களுக்குள் மருத்துவ அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். அதே விதிகளில் நமக்கும் ஒரு கெடு இருக்கிறது. பரிசோதனைக்குப் போகாமல் 2 வருடங்கள் இழுத்தடித்தால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும். மறுபடி முதலில் இருந்து தொடங்கணும்.

டாக்டர் முன்னால் 'நல்லாத்தான் இருக்கேன்' வேண்டாமே!

சான்றுக்கான மருத்துவக் குழு பல இடங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் கூடும். எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்க. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை ஆட்டோ பிடித்து அழைத்துப்போய், 'இன்னிக்கு டாக்டர் இல்லை' என்று திரும்புவது போன்ற கொடுமை வேறு இல்லை.

பழைய சிகிச்சைச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்க. செவித்திறனுக்குக் கேட்புத்திறன் பரிசோதனை, அறிவுசார் குறைபாட்டுக்கு நுண்ணறிவுப் பரிசோதனை எனப் பாதிப்புக்கு ஏற்பத் தனிப் பரிசோதனைகள் இருக்கும். அதனால் ஒரே நாளில் முடியாமலும் போகலாம்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் பெரியவர்களுக்கு டாக்டரைப் பார்த்ததும் ஒரு கூச்சம் வந்துவிடும். வீட்டில் தனியாகக் குளிக்க முடியாதவர், அங்கே போய், "எல்லாம் நானே பண்ணிக்குவேன் டாக்டர்" என்பார். மனநோய் பாதிப்பை மதிப்பிடும்போது நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவது - புரிந்துகொள்வது, வேலை செய்வது. எத்தனை வருடங்களாகப் பாதிப்பு இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். கூடப் போகிறவர் அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதை உள்ளபடி சொன்னால்தான் மதிப்பீடு சரியாக இருக்கும். கூட்டியும் சொல்ல வேண்டாம், வெட்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம்.

சதவிகிதம் குறைத்துப் போட்டுவிட்டால்..?

38 சதவிகிதம் என்று சான்று வந்தால் உடைந்துபோக வேண்டாம். சான்று மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்க. அது உங்கள் உரிமை. முடிவு வந்த 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய விதிகளில் இடம் இருக்கிறது. விண்ணப்பித்தவர் மைனராகவோ, அறிவுசார் குறைபாடு உள்ளவராகவோ இருந்தால் பாதுகாவலர் அவர் சார்பில் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. 90 நாள் என்பது நிறைய நாள் போலத் தெரியும். ஆனால், வேகமாக ஓடிவிடும்.

எந்தப் பணம்... எந்த அலுவலகம்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். தமிழ்நாட்டில் மாதாந்தரப் பணம் இரண்டு வெவ்வேறு துறைகளில் இருந்து வருகிறது.

*பராமரிப்பு உதவித்தொகை:* இது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது. மாதம் ரூ.2,000. அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச் சிதைவு நோய், தொழுநோயால் ஏற்பட்ட பாதிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், முதுகுத் தண்டுவட பாதிப்பு போன்ற பிரிவினருக்கானது. ஒவ்வொரு பிரிவுக்கும் தேவையான சதவிகிதம் மாறும். உதாரணமாக, அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவிகிதம் போதும். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்.

*மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்:* இது வருவாய்த்துறை வழியாக வருவது. 2023 ஜனவரியில் ரூ.1,000-லிருந்து ரூ.1,500 ஆக உயர்த்தப்பட்டது. ஆதரவும் வருமானமும் இல்லாதவர்களுக்கானது என்பதால் பொருளாதார நிலையை விசாரிப்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும்.

இரண்டையும் ஒருவரே சேர்த்து வாங்க முடியாது. எதற்குத் தகுதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்க. பணம் நின்றால் முதல் கேள்வியே, 'இது எந்தத் துறைப் பணம்?' என்பதுதான். அது தெரியாமல் தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைபவர்கள் ஏராளம். வங்கிப் பாஸ்புக்கில் பணம் வரவாகும் வரியையும், அனுமதி ஆணையின் நகலையும் போட்டோ எடுத்து வையுங்க.

மாதப் பணம் தவிர...

* தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும், துணைக்கு வருபவர் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை.

* ரயிலில் பார்வையற்றவர்கள், துணையில்லாமல் பயணிக்க முடியாத கை, கால் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவிகிதம் வரை சலுகை. துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை உண்டு. 21 வகையினர் எல்லோருக்கும் இது கிடைக்காது. ரயில்வேயின் படிவத்தில் அரசு மருத்துவரிடம் சலுகைச் சான்று வாங்கி, ரயில்வேயின் திவ்யாங்ஜன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் தனி அடையாள அட்டை தருவார்கள். அதை வைத்து ஆன்லைனிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

* 40 சதவிகிதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால், அரசு வேலையில் 4 சதவிகித இடஒதுக்கீடும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவிகித இடஒதுக்கீடும் சட்டப்படி உண்டு.

* தேர்வில் எழுத உதவியாளரும், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடக் கூடுதல் நேரமும் பெற மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட்டுவிடுங்க.

* ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. தேசிய அறக்கட்டளை நடத்துவது, வருடத்துக்கு ரூ.1 லட்சம் வரை. புதுப்பிக்க மறந்தால் காப்பீடு போச்சு.

கிடைத்த பணம் ஏன் நிற்கிறது? 6 காரணங்கள்

1. வாழ்நாள் சான்று: 'இவர் உயிரோடு இருக்கிறார்' என்பதற்கான சான்றை ஆண்டுதோறும் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்துடன் ஆதார், அடையாள அட்டை, பாஸ்புக் நகல்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். மாவட்ட நிர்வாகம் இதைச் செய்தியாக வெளியிடும். அதை நாம் பார்க்காமல் விட்டுவிடுவோம். போன வருடம் எந்த மாதத்தில் கொடுத்தீர்களோ, அதற்கு முந்தைய மாதம் போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்க.

2. தற்காலிகச் சான்று: எல்லாச் சான்றும் நிரந்தரமல்ல. குழந்தைகளுக்கும், பாதிப்பின் அளவு மாறக்கூடியவர்களுக்கும் குறிப்பிட்ட தேதி வரை மட்டுமே செல்லும் சான்று தருவார்கள். அட்டையை இப்பவே எடுத்து, 'எது வரை செல்லும்?' என்று பாருங்க. முடியும் தேதிக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டால் இடைவெளி விழாது.

3. பணம் வேறு கணக்குக்குப் போவது: ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். வேறு எதற்காகவோ புதுக் கணக்கு தொடங்கும்போது, ஒரு கையெழுத்தில் இணைப்பு அங்கே மாறிவிடும். இங்கே 'பணம் நின்னுடுச்சு' என்று அழுதுகொண்டிருப்போம். அங்கே பணம் சேர்ந்துகொண்டிருக்கும். 'மை ஆதார்' தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியைப் பார்த்தால், எந்த வங்கி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

4. தூங்கிப்போன கணக்கு: வங்கி கேட்கும் கேஒய்சி ஆவணங்களைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, நீண்ட காலம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் விட்டாலோ கணக்கு முடங்கலாம். 'சேரட்டும்'னு எடுக்காமல் வைத்திருப்பவர்கள்கூட அவ்வப்போது நூறு ரூபாயாவது எடுத்துப் போடுங்க. மினிமம் பேலன்ஸ் என்று பிடித்தம் செய்தால், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்க.

5. பெயர்க் குழப்பம்: ஆதாரில் 'கலைச்செல்வி மு', பாஸ்புக்கில் 'மு.கலைச்செல்வி', யுடிஐடி-யில் 'கலைச்செல்வி முருகன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு, அதே எழுத்துகளில் மற்றவற்றை மாற்றுங்க. பிறந்த தேதிக்கும் இதே கதைதான். குழந்தைகளாக இருந்தால் 5 வயதிலும், 15 வயதிலும் ஆதாரில் கைரேகை, கருவிழியைப் புதுப்பிக்கணும். விரல்களோ, கருவிழியோ பதிவு செய்ய முடியாதவர்களுக்கு விதிவிலக்கு முறையில் பதிவு செய்ய ஆதார் மையத்தில் வழி இருக்கிறது. 'ரேகை விழலை, முடியாது' என்று திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீங்க.

6. வீடு மாறுவது: திருமணம், வேலை, வாடகை வீடு என்று வேறு மாவட்டத்துக்குப் போனால், பழைய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கோப்பைப் புது மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்க. வீட்டில் ஆள் இல்லாதபோது விசாரணைக்கு வந்து, 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதிவிட்டால் சிக்கல்தான். மொபைல் எண்ணை மாற்றினாலும் ஆதார், வங்கி, யுடிஐடி மூன்றிலும் மாற்றணும்.

18 வயது ஆகும்போது...

அறிவுசார் குறைபாடோ, ஆட்டிசமோ உள்ள தம்பி, தங்கை இருக்கிறார்களா? 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் பார்வையில் அவர் மேஜர். அதுவரை அம்மாவின் கையெழுத்தில் ஓடிய வங்கிக் கணக்கில் அதற்குமேல் சிக்கல் வரலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் இந்தச் சான்றைத் தரும். பிறந்தநாள் வருவதற்கு முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஆவணங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

நின்றேவிட்டது... இப்போ என்ன செய்வது?

முதலில் வங்கிக்குப் போய்க் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்க. அங்கே சரியென்றால், பணம் தரும் துறை அலுவலகத்துக்குப் போங்க. வாயால் கேட்டுவிட்டு வராதீங்க. ஒரு பக்க மனு, அதில் பெயர், யுடிஐடி எண், வங்கிக் கணக்கு எண், எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்ற விவரம். மனு பெற்றதற்கான ரசீது கட்டாயம்.

பதில் இல்லையா? திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறைக்கான 1100 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் அசையவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்விகள்: 'என் உதவித்தொகை எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால், யார் உத்தரவில் நிறுத்தப்பட்டது?', 'என் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?'. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். உரிமை மறுக்கப்பட்டதாக நினைத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம்.

ரெண்டு எச்சரிக்கைகள்

'சதவிகிதம் ஏத்தித் தர்றேன், பத்தாயிரம் கொடு' என்று வருபவரை அப்படியே அனுப்பிவிடுங்க. மாற்றுத்திறனாளிக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கும். மாட்டப்போவது புரோக்கர் அல்ல. சான்றில் பெயர் இருப்பவர்.

அதேபோல, 'உதவித்தொகை நின்றுபோச்சு, ஓடிபி சொல்லுங்க' என்று போன் வந்தால் கட் பண்ணுங்க. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்க. பணம் வராத பதற்றத்தில் இருப்பவர்தான் ஓடிபியைச் சட்டென்று சொல்லிவிடுவார்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்க. பெரியப்பாவின் அட்டை, ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், அனுமதி ஆணை நான்கையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்க. அட்டை முடியும் தேதியையும், வாழ்நாள் சான்று கொடுக்கும் மாதத்தையும் காலண்டரில் ஏற்றுங்க. அடுத்த மாதம், "பணம் வந்துச்சா பாரேன்" என்று அவர் கேட்கும்போது, "வந்தாச்சு பெரியப்பா" என்று நீங்கள் சொல்லணும், இல்லையா?